புளூகில் குளத்தில் என்ன கோளாறு? அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவில் அலபாமா, ஜார்ஜியா, டெக்சஸ் பக்கம் ஊருக்கு வெளியே நிலத்தோடு வீடு வாங்கினால் பல நேரம் ஒரு குளமும் சேர்ந்தே வரும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ தூண்டில் போடவோ யாரோ எப்போதோ வெட்டியது. அதில் அநேகமாக புளூகில் மீன் இருக்கும். கூடவே ரெட்இயர், அதிர்ஷ்டம் இருந்தால் லார்ஜ்மவுத் பாஸ். மூன்றும் சன்ஃபிஷ் குடும்பம்தான், பாஸ் உட்பட. முதல் இரண்டும் இரை, பாஸ் வேட்டைக்காரன்.

மீன் சரியில்லை என்று தோன்றியதும் எல்லோரும் எதையாவது வாங்கிக் குளத்தில் கொட்டுகிறார்கள். இன்னும் குஞ்சு, இன்னும் உரம், இன்னும் தீவனம், ஒரு டப்பா மருந்து. பத்தில் ஏழெட்டுக் கோளாறு உள்ளே எதையோ எடுக்காமல் விட்டதால் வருவது என்பது என் கட்சி. அதனால் வாங்குவதற்கு முன் கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் குளம் எது என்று பாருங்கள்.

எந்த அறிகுறியானாலும், முதலில் வலை

ஜூன் பாதியிலிருந்து ஜூலைக்குள் ஒரு நாள் ஒதுக்குங்கள். 15 அடி நீளம், 4 அடி உயரம், கால் அங்குலக் கண் உள்ள சின்ன இழுவலை போதும். இரண்டு பேர் பிடித்துக் கரையோரமாக நாலைந்து இடத்தில் இழுத்துப் பாருங்கள். பெரிய மீன் தப்பி ஓடிவிடும், போகட்டும். நமக்கு வேண்டியது பொடிகள்.

இந்த முறையை வகுத்தவர் ஹோமர் ஸ்விங்கிள். இன்றைய ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1930களில் தொடங்கி, குளங்களை வடித்து உள்ளே இருந்த மீனையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தவர். பாஸ், புளூகில் இரண்டையும் ஒரே குளத்தில் வளர்க்கும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

வலையில் ஒரு அங்குலத்துக்கு உட்பட்ட புளூகில் பொடி நிறைய, 3 முதல் 5 அங்குலம் வரை உள்ளவை கொஞ்சம், பாஸ் குஞ்சும் சில என்று வந்தால் குளம் சமநிலையில் இருக்கிறது. 3 முதல் 5 அங்குல மீனே வலையை நிரப்பி, பொடி அபூர்வமாகி, பாஸ் குஞ்சு ஒன்றுகூட இல்லையென்றால் புளூகில் நெரிசல். அந்த நடுத்தர அளவு அறவே காணாமல் போய், சொற்பப் பொடியும் பாஸ் குஞ்சும் மட்டும் வந்தால் பாஸ் நெரிசல். முன்பின் பார்க்காத மீன் வந்தால் அது வேறு கதை, கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

தூண்டிலில் வருவதெல்லாம் 4 அங்குலம், அதற்கு மேல் வளரவே இல்லை

அதிகம் பேர் புலம்புவது இதற்குத்தான். நம் ஊர்க் குட்டையில் ஜிலேபி மீன் பெருகி, எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நோய்.

தென்மாநிலங்களில் தண்ணீர் 70 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டதும் புளூகில் கூட்டமாகக் குழி தோண்டி முட்டையிட ஆரம்பிக்கும். கோடை முழுக்கத் திரும்பத் திரும்ப இடும். ஒரு பெட்டை ஒரு பருவத்தில் போடுவது ஆயிரக்கணக்கில். பாஸ் வசந்தத்தில் ஒரு முறையோடு சரி. ஆக, இந்தப் பெருக்கத்தைத் தின்று தீர்க்க வேண்டியது பாஸ். பாஸ் குறைந்தால் பொடிகள் தப்பித்து 3, 4 அங்குலம் ஆகின்றன. அந்த அளவு வந்துவிட்டால் நடுத்தர பாஸின் வாய்க்கு அடங்காது. தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நீள புளூகிலைத்தான் ஒரு பாஸ் வசதியாக விழுங்கும் என்பது பொதுக் கணக்கு. 9 அங்குல பாஸுக்கு 3 அங்குலம், 12 அங்குல பாஸுக்கு 4. அதைத் தாண்டியவை தின்னவும் படாமல், வளரவும் இரையில்லாமல் அப்படியே தேங்குகின்றன. போதாததற்குக் கூட்டமாகச் சேர்ந்து பாஸ் முட்டையையும் தின்றுவிடுகின்றன. அதனால்தான் வலையில் பாஸ் குஞ்சே வருவதில்லை.

இந்த நிலைமையில் புது புளூகில் குஞ்சு விடுவது எரிகிற கொள்ளிக்கு எண்ணெய். பண்ண வேண்டியவை இவை.

பாஸைப் பிடித்தால் திரும்ப விடுங்கள், ஒன்றுகூட எடுக்காதீர்கள். சின்ன குளங்களில் இந்த நெரிசலுக்கு முதல் காரணமே, விருந்தாளிகள் வந்த வாரம் நல்ல பாஸ்களையெல்லாம் பிடித்து வறுத்ததுதான்.

நடுத்தர புளூகிலை அள்ளி வெளியே எடுங்கள். தூண்டில், கூண்டுப் பொறி, இழுவலை எதுவானாலும் சரி. 3 முதல் 5 அங்குலம் உள்ளதைத் திரும்ப விடவே கூடாது. பாவம் பார்த்தால் குளம் தேறாது.

ஏக்கருக்கு 30 முதல் 50 வரை, 8 முதல் 10 அங்குல பாஸ் வாங்கி விடலாம். இந்த நெரிசலுக்குக் காசு கொடுத்து உள்ளே விடச் சொல்வது இது ஒன்றைத்தான். 2 அங்குல பாஸ் குஞ்சு மலிவு என்று வாங்கி விட்டால், அங்கே தேங்கியிருக்கும் 3, 4 அங்குல புளூகிலை அதனால் விழுங்கவே முடியாது.

மதகு உள்ள குளமென்றால் இலையுதிர் காலத்தில் தண்ணீரைப் பாதிப் பரப்புக்கு இறக்குங்கள். களைக்குள் ஒளிந்திருந்த புளூகில் திறந்த தண்ணீருக்கு வரும், குளிர்காலம் முழுக்க பாஸுக்கு விருந்து. வசந்த மழையில் குளம் தானே நிரம்பிவிடும். செலவே இல்லாத வைத்தியம் இது, ஆனால் மதகைத் திறந்து தண்ணீரை விட மனசு வருவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பிடித்ததில் பெரிய ஆண் மீனை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நெற்றி தடித்து, நெஞ்சு செம்பு நிறத்தில் மின்னும் ஆண்தான் கூட்டைக் காக்கிறது. அவை இருக்கும் வரை இளம் ஆண்கள் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு உடம்பை வளர்க்கும். அவற்றை எடுத்துவிட்டால் சின்னது எல்லாம் சீக்கிரமே பருவமடைந்து, வளர்ச்சி நின்றுவிடும். வறுக்க எடுப்பதென்றால் 5 முதல் 7 அங்குலம் வரை எடுங்கள், பெரிதில் பாதியாவது விட்டு வையுங்கள்.

பாஸ் எல்லாம் 10, 12 அங்குலம், தலை பெரிது, வயிறு ஒட்டிப்போயிருக்கிறது

முன்னதற்கு நேர் எதிர். 12 அங்குல பாஸ் முக்கால் பவுண்டுகூடத் தேறவில்லையென்றால் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். பிடித்ததையெல்லாம் திரும்ப விடும் நல்ல மனசுக்காரர்களின் குளத்தில் இது அதிகம்.

ஆனால் இதே குளத்தில் புளூகிலுக்குத் தூண்டில் போட்டுப் பாருங்கள், 8, 9 அங்குலம் வரும். தப்பிப் பிழைத்த சிலவற்றுக்கு இரை ஏராளம். புளூகிலுக்காகவே குளம் வைத்திருப்பவர் என்றால் இந்தப் பாஸ் நெரிசலை அப்படியே விட்டுவிடுங்கள், இது கோளாறே இல்லை. பெரிய பாஸ் வேண்டுமென்றால் மட்டும் 14 அங்குலத்துக்குக் கீழ் உள்ள பாஸை எடுக்கத் தொடங்குங்கள். உரம் போடாத குளத்தில் வருஷத்துக்கு ஏக்கருக்கு 10 முதல் 20 பவுண்டு எடுக்கலாம். உரமிட்ட குளம் அதைவிடக் கூடத் தாங்கும்.

விட்ட குஞ்சுகளைக் காணவே காணோம்

வாங்கி வந்து விட்டதோடு சரி, அப்புறம் ஒன்றும் கண்ணில் படவில்லை. மூன்று காரணம் உண்டு.

குளத்தில் ஏற்கெனவே மீன் இருந்தது. குளம் காலி என்று விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். வலை போட்டுப் பாருங்கள். பெரிய பாஸோ, கிரீன் சன்ஃபிஷ் என்ற அகல வாய் மீனோ இருக்கும் குளத்தில் 2 அங்குலக் குஞ்சு விடுவது தீவனம் போடுவதற்குச் சமம், விலை மட்டும் அதிகம்.

வரிசை தப்பியது. புதுக் குளத்தில் முதலில் சன்ஃபிஷ், அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள். பாஸ் குஞ்சு அடுத்த மே, ஜூனில். அதற்குள் புளூகில் முட்டையிட்டுப் பொடி தயாராக இருக்கும். உரம் போடாத குளத்துக்கு ஏக்கருக்கு 500 சன்ஃபிஷ், 50 பாஸ். உரம் போட்டுப் பராமரிக்கப் போகிறீர்களென்றால் இரண்டையும் இரட்டிப்பாக்கலாம். சன்ஃபிஷில் நாலைந்தில் ஒன்று ரெட்இயராக இருக்கட்டும். மூன்றையும் ஒரே நாளில் விட்டால் கணக்கு முதல் வருஷமே கோணும்.

மூன்றாவது, பையிலேயே பாதி செத்துவிட்டது. குஞ்சு வந்த பையை வெயில் படாமல் குளத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மெல்லச் சாயுங்கள். ஆகஸ்ட் மத்தியானத்தில் இதைச் செய்வதாக இருந்தால் வாங்காமலே இருக்கலாம்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

இதைப் பார்த்தால் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடுங்கள். ஆக்சிஜன் போய்விட்டது.

குளத்து ஆக்சிஜனில் பெரும்பங்கு பாசியும் நுண்தாவரங்களும் பகலில் உண்டாக்குவது. இரவில் அவையே அதைச் செலவழிக்கும். அதனால் விடியும் நேரம்தான் மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே மீன் திணறும், 2க்குக் கீழே சாகத் தொடங்கும். வெந்நீர் மாதிரி ஆகிவிட்ட கோடைத் தண்ணீர் ஆக்சிஜனைத் தாங்குவதே கொஞ்சம். 50 டிகிரி பாரன்ஹீட் தண்ணீரில் 11 மில்லிகிராம் கரையும், 86 டிகிரியில் ஏழரைதான். காற்றில்லாமல் இரண்டு மூன்று நாள் மேகம் மூடி நின்றால் ஆபத்து. அடர் பச்சையாக இருந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாகிவிட்டால் பாசி ஒட்டுமொத்தமாகச் செத்திருக்கிறது என்று பொருள். ஆபத்து இன்னும் கூடுதல்.

உடனே செய்ய வேண்டியது தண்ணீரைக் காற்றில் அடிப்பது. ஏரேட்டர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பம்பு வைத்து மேல் தண்ணீரை உறிஞ்சி உயரத்திலிருந்து குளத்துக்கே பீய்ச்சுங்கள். குழாயை அடித் தண்ணீரில் விடாதீர்கள், அங்கே ஆக்சிஜன் இருக்காது. மோட்டார் படகு இருந்தால் கரையோடு கட்டிவைத்து ஓட விடலாம். குளம் முழுவதையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஒரு மூலை தேறினால் போதும், மீன் அங்கே வந்து ஒதுங்கும். தீவனத்தை நிறுத்துங்கள்.

கோடைக் கடைசியில் குளிர்ந்த பெருமழை பெய்த மறுநாள் இதே காட்சி வந்தால், மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கி, அடியில் கிடந்த ஆக்சிஜனற்ற தண்ணீர் மேலே கலந்திருக்கிறது. வைத்தியம் மேலே சொன்ன அதேதான். ஆழமான குளங்களில் வசந்தத்திலிருந்தே அடியிலிருந்து குமிழி விடும் காற்றுக் குழாய் போட்டு வைத்தால் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரியவே பிரியாது. நடுக்கோடையில் திடீரென்று அதைப் போட்டுவிடாதீர்கள், நீங்களே அந்தக் கலக்கத்தை உண்டாக்கியதாகும்.

செத்து மிதப்பது எது என்பதையும் கவனியுங்கள். பெரிய மீன் முதலில் செத்து, பொடிகள் பிழைத்திருந்தால் ஆக்சிஜன் குறை. பொடிகள் முதலில், பகல் நேரத்தில், கூடவே நீர்ப்பூச்சியும் நண்டும் செத்திருந்தால் பக்கத்து வயலிலிருந்தோ புல்தரையிலிருந்தோ பூச்சிமருந்து வடிந்து வந்திருக்கலாம். அப்போது தண்ணீரை உடனே ஒரு சுத்தமான கண்ணாடிக் குடுவையில் பிடித்து, ஐஸில் வைத்து, கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தை (உள்ளூர் வேளாண் ஆலோசனை அலுவலகம்) அழையுங்கள். ஒரு நாள் போனால் தடயமும் போய்விடும்.

வடக்கே, பனி மூடும் மாநிலங்களில் இதே சாவு ஜனவரியில் வரும். பனிக்கட்டி மேல் விழுந்த பனி வெளிச்சத்தை மறைப்பதுதான் காரணம். அங்கே பனியை வழித்து விடுவதும் ஒரு வைத்தியம்.

தண்ணீர் நிறமே சரியில்லை

சேற்று நிறமா? ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஜன்னலோரம் ஒரு வாரம் வையுங்கள். தெளிந்துவிட்டால் குளத்தில் ஏதோ தினமும் கலக்கிக்கொண்டிருக்கிறது, மாடு, கெண்டை, புல்ஹெட் கெளுத்தி இவற்றில் ஒன்று. மாட்டுக்கு வேலி போடுங்கள். ஒரு வாரம் ஆகியும் தெளியவில்லையென்றால் நுண்ணிய களிமண் மிதக்கிறது. ஜிப்சம் போட்டால் படியும். படிகாரமும் வேலை செய்யும், நம் ஊரில் குடத்துத் தண்ணீருக்குப் போடுவதுதான். ஆனால் அது தண்ணீரைப் புளிப்பாக்கும். காரத்தன்மை குறைந்த குளத்தில் சுண்ணாம்பு சேர்க்காமல் படிகாரம் கொட்டினால் தண்ணீர் தெளியும், மீன்தான் இருக்காது. எவ்வளவு என்பதைக் குடுவையில் சோதித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பச்சையாக இருந்தால் நல்லதுதான், அளவாக இருந்தால். வெள்ளைத் தட்டை ஒரு கம்பில் கட்டி இறக்குங்கள். 18 முதல் 24 அங்குலத்தில் கண்ணுக்கு மறைந்தால் கச்சிதம். 12 அங்குலத்துக்குள் மறைந்தால் உரத்தை நிறுத்துங்கள், ஆக்சிஜன் சாவு பக்கத்தில் நிற்கிறது.

அடிவரை தெரியும் தெளிந்த தண்ணீர் அழகுதான், மீனுக்கு இரை இல்லை. உரம் போட்டு நுண்பாசியை வளர்க்க ஆசை வரும். அதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் போடும் உரம் பெரும்பாலும் வீண். தென்கிழக்கின் செம்மண் குளங்களில் ஏக்கருக்கு இரண்டு டன் வேளாண் சுண்ணாம்பு வரை தேவைப்படும். குளிர்காலத்தில் அதைப் பரப்பிவிட்டு, வசந்தத்தில் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டிய பிறகு உரம். ஒரு முறை தொடங்கினால் வருஷாவருஷம் தொடர வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம், உரமில்லாக் குளத்துக்கான எண்ணிக்கையில் மீன் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

கரையெல்லாம் களை

கரையோரம் 3 அடிக்குக் குறைந்த ஆழம் இருக்கும் இடமெல்லாம் களை வரும். புளூகிலுக்குக் களை கோட்டை மாதிரி, உள்ளே போய்விட்டால் பாஸ் எட்டாது. புளூகில் நெரிசலுக்கு இதுவும் ஒரு காரணம்.

களையைத் தின்னும், குஞ்சு பொரிக்காத மும்மடிப் புல்கெண்டை (டிரிப்ளாய்ட், மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளது) நல்ல வழி. பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டால் பாஸ் தின்றுவிடும். நூல் பாசியை அது அவ்வளவாகத் தொடாது. மருந்து அடிப்பதென்றால் ஒரே நாளில் முழுக் குளத்துக்கும் அடிக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்காகப் பிரித்து இடைவெளி விட்டு அடியுங்கள். செத்த களை அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். மயில்துத்தம் மலிவு. காரத்தன்மை குறைந்த தண்ணீரில் அதே மயில்துத்தம் மீனுக்கு விஷம்.

மீனை அறுத்தால் உள்ளே மஞ்சள் புழு

அருவருப்பாக இருக்கும், நன்றாக வேகவைத்தால் தின்பவருக்குத் தீங்கில்லை. இந்தப் புழு நாரையின் தொண்டையில் வளர்ந்து, முட்டை தண்ணீரில் விழுந்து, நத்தைக்குள் போய், அங்கிருந்து மீனுக்கு வருவது. நாரையைச் சுட முடியாது, அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டம் அதைக் காக்கிறது. நத்தையைக் குறைக்கலாம். அதற்குத்தான் ரெட்இயர். தொண்டைப் பற்களால் நத்தை ஓட்டை நொறுக்கித் தின்னும், ஷெல்கிராக்கர் என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. கரையோரக் களையை எடுத்தாலும் நத்தை குறையும்.

வலையில் தெரியாத சன்ஃபிஷ்

வாய் சின்னது, காதுமடல் (செவுள் மூடியின் பின்நுனி) முழுக் கறுப்பு, முதுகுத் துடுப்பின் பின்பக்கம் ஒரு கரும்புள்ளி என்றால் புளூகில். காதுமடலின் ஓரத்தில் சிவப்போ ஆரஞ்சோ இருந்தால் ரெட்இயர். வாய் அகலமாகக் கண்ணுக்குக் கீழ்வரை நீண்டு, கன்னத்தில் நீலப்பச்சைக் கீற்று, உடம்பு தடித்து நீண்டிருந்தால் கிரீன் சன்ஃபிஷ். ஓடையிலிருந்து கலிங்கு வழியாக ஏறி வந்திருக்கும். பெரிதாக வளராது, அந்த வாயால் மற்ற மீன்களின் குஞ்சைத் தின்னும். கொஞ்சமாக இருந்தால் நல்ல பாஸ் கூட்டம் அடக்கிவிடும். பிடித்ததைத் திரும்ப விடாதீர்கள்.

ஆண் புளூகிலையும் பெண் கிரீன் சன்ஃபிஷையும் சேர்த்த ஹைப்ரிட் வேகமாக வளரும், பெரும்பாலும் ஆணாகவே பிறக்கும். விற்பவர்கள் ஆஹா ஓஹோ என்பார்கள். அடுத்த தலைமுறை அப்படி இருக்காது, சில வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் தூண்டில் போட ஒரு சின்னக் குட்டை என்றால் சரி, மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

குளம் முழுக்க வேண்டாத மீன் என்றால் வடித்துக் காய வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி. வடிக்க முடியாத குளத்துக்கு மீனைக் கொல்லும் ரோட்டினோன் மருந்து உண்டு, உரிமம் உள்ளவர்தான் போட முடியும்.

எடுத்த மீனை என்ன செய்வது

பக்கத்து ஓடையிலோ ஏரியிலோ கொண்டு போய் விட்டுவிடாதீர்கள். பல மாநிலங்களில் குற்றம். 1960இல் சிகாகோவுக்கு வந்த ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்கு நகர மேயர் புளூகிலைப் பரிசாகக் கொடுத்தார். அது பிவா ஏரி வரை பரவி, அங்கத்திய மீன்களைத் தின்றது. 2007இல் பேரரசராக இருந்தபோது அவரே அதற்காக வருந்திப் பேசினார். ஊருக்குப் போகும்போது ரெண்டு குஞ்சு கொண்டுபோய் நம் தோட்டத்துக் கிணற்றில் விடலாமே என்ற யோசனையும் இதில் அடக்கம். நமக்கு ஜிலேபி ஒன்று போதும்.

5 அங்குலத்துக்கு மேலே இருப்பதைச் செதில் சுரண்டி, தலை, குடல் நீக்கி, இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு தடவி அரிசிமாவில் புரட்டிப் பொரித்தால் கீறின இடத்துச் சின்ன முள் மொறுமொறுவென்று ஆகிவிடும். அதற்குக் கீழே உள்ளது முள்ளும் செதிலும்தான், செடிகளுக்கு அடியில் ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். மேலாகப் புதைத்தால் ராத்திரியே ரக்கூன் வந்து தோண்டிப் போடும்.